இருபது தாளிலும் ஒரே பெயர்

போன மாதம் சிங்கப்பெருமாள் கோயில் என்ற ஊரில் ஒரு கல்யாண மண்டபத்து மாடியில், கருத்துக்கணிப்பு வேலைக்குப் புதிதாகச் சேர்ந்த பிள்ளைகளுக்குப் பயிற்சி வகுப்பு நடந்தது. ஓய்வு பெற்றவள் என்ற மரியாதைக்கு என்னையும் கூப்பிட்டிருந்தார்கள். பத்து நிமிடம் பேச வேண்டும், சால்வை போடுவார்கள், மதியச் சாப்பாடு உண்டு. போனேன்.

எனக்கு முன்னால் பேசிய தம்பி கெட்டிக்காரன். திரையில் அமெரிக்காவைக் காட்டினான். அங்கே அதிபர் தேர்தலுக்கு முன்பு, கட்சிக்குள்ளேயே யாரை நிறுத்துவது என்று தீர்மானிக்க மாநிலம் மாநிலமாக ஒரு தேர்தல் வைக்கிறார்களாம். அதற்கும் கணிப்பு எடுக்கிறார்களாம். எல்லாக் கணிப்பும் ஒருவர் பெயரைச் சொல்ல, எண்ணிப் பார்த்தால் இன்னொருவர் ஜெயித்த கதைகளை வரிசையாகச் சொன்னான். "ஏன் தப்பாகுது? ஜனங்க பொய் சொல்றாங்க. அதனால இனிமே ஜனங்களக் கேக்கறதக் கொறச்சிட்டு, கம்ப்யூட்டரே கணிக்கற பக்கம் போயிட்டிருக்கோம்" என்று முடித்தான். முன்வரிசையில் எல்லோரும் தலையாட்டினார்கள்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மைக்கை வாங்கி, "இருபத்தேழு வருஷம் கதவு தட்டினவ நான். ஜனங்க பொய் சொல்லி ஒரு கணிப்பு கெட்டுப்போய் நான் பார்த்ததே இல்ல" என்றேன். கொஞ்சம் கூட்டித்தான் சொல்லிவிட்டேன், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அந்த நிமிடத்தில் வேறு எப்படிச் சொல்வது? விஷயத்துக்கு வருவதற்குள் பத்து நிமிடம் முடிந்துவிட்டது என்று சால்வையைக் கொண்டுவந்து கழுத்தில் போட்டு, மைக்கைப் பிடுங்கிக்கொண்டார்கள். பிரியாணி நன்றாகத்தான் இருந்தது. சொல்ல வந்தது மட்டும் தொண்டையிலேயே நின்றுவிட்டது. அதனால் எழுதுகிறேன்.

அமெரிக்காவில் நடப்பதைப் பெரிய அதிசயமாகச் சொன்னானே அந்தத் தம்பி, அந்த வேலையை நாங்களும் செய்திருக்கிறோம். இங்கே அதற்குத் தேர்தல் கிடையாது. கட்சித் தலைமை ஒரு கம்பெனியைக் கூப்பிட்டு, இந்தத் தொகுதியில் சீட்டுக் கேட்கிற இரண்டு பேரில் யாரை நிறுத்தலாம் என்று ஊரைக் கேட்டுவரச் சொல்லும். நாங்கள் போய்க் கேட்போம். சத்தமில்லாமல் நடக்கும். பேப்பரில் வராது.

என் பெயர் கஸ்தூரி. செங்கல்பட்டுக்காரி. இந்த வேலைக்கு வந்தபோது எனக்கு வயது முப்பத்து நாலு. முதல் ஐந்தாறு வருடம் சோப்புத் தூள், தலை எண்ணெய், கொசுவத்தி. "எந்த சோப்பும்மா போடறீங்க, ஏன் மாத்தினீங்க" என்று கேட்டுக் கேட்டே செங்கல்பட்டிலிருந்து கோவளம் வரைக்கும் எல்லாத் தெருவும் பழகிவிட்டது. அரசியல் பிறகு வந்தது. பயிற்சி என்று பார்த்தால் சென்னையில் மூன்றே நாள். அந்த மூன்று நாளில் சொல்லிக்கொடுத்ததைத்தான் கடைசி வரை செய்தேன்.

ஊருக்குள் நுழைந்ததும் ஒரு இடத்தைக் குறித்துக்கொள்ள வேண்டும். ரேஷன் கடை, பள்ளிக்கூடம், கோயில், ஏதாவது ஒன்று. அங்கிருந்து வலதுகைப் பக்கமாகவே நடக்க வேண்டும். மூன்று வீட்டை விட்டு நாலாவது வீடு. நாலாவது வீட்டில் நாய் இருக்கிறது, ஐந்தாவது வீட்டில் தெரிந்த அக்கா இருக்கிறாள் என்று மாற்றக்கூடாது. பூட்டியிருந்தால் இன்னும் இரண்டு தடவை வந்து பார்க்க வேண்டும். வீட்டுக்குள் யாரிடம் பேசுவது என்பதும் நம் இஷ்டம் இல்லை. பதினெட்டு வயதுக்கு மேற்பட்டவர்களின் பெயரை எல்லாம் எழுதினால், தாளில் அச்சடித்திருக்கும் ஒரு கட்டம் இன்னாரிடம் பேசு என்று காட்டும். பெரும்பாலும் அது வீட்டு மருமகளைக் காட்டும். உடனே வீட்டுக்காரர் குறுக்கே வருவார்.

"அவளுக்கு இன்னா தெரியும்? என்னக் கேளு."

"தாள்ல அவங்க பேருதான் வந்துகீது அண்ணாத்த. நான் இன்னா பண்றது?"

தாளின் மேல் பழியைப் போட்டால் முக்கால்வாசிப் பேர் விலகிவிடுவார்கள். மிச்சப் பேரை, "உங்களையும் தனியா ஒண்ணு கேக்கணும், கொஞ்சம் வெளிய இருங்க" என்று வாசலில் உட்கார வைத்துவிடுவேன். அப்புறம் ஒன்றுமே கேட்காமல் போய்விடுவதும் உண்டு. அதற்கு எனக்கு மன்னிப்பு வேண்டாம்.

இன்னொரு விதி, தலையாட்டக் கூடாது. நல்ல பதில் வந்தாலும் "ஆமாங்க" என்று தலை அசையக் கூடாது. அதைப் பழக எனக்கு ஒரு வருடம் ஆனது. வீட்டில் என் புருஷன் எது சொன்னாலும் நான் மரம் மாதிரி பார்க்கிறேன் என்று சண்டைக்கு வந்தார்.

எங்கள் களமேலாளர் சிவஞானம் சார். ஒல்லியான ஆள். அரைக்கைச் சட்டை, கையில் ஒரு துணிப்பை. குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. கோபம் வந்தால் இன்னும் மெதுவாகப் பேசுவார். நாங்கள் பக்கத்தில் போய்க் காதைக் கொடுக்க வேண்டியிருக்கும், அதிலேயே பாதி உயிர் போய்விடும்.

இந்தத் தொழிலின் பெரிய வியாதி, ஊருக்குப் போகாமல் வீட்டில் உட்கார்ந்து தாளை நிரப்புவது. அதைக் கண்டுபிடிக்க மற்ற மேலாளர்கள் வீடுகளுக்குப் போய், "எங்க கம்பெனிலேருந்து ஒரு அம்மா வந்தாங்களா?" என்று கேட்பார்கள். வராவிட்டாலும் ஜனங்கள் "வந்தாங்க சார்" என்பார்கள், எதற்கு ஒரு பெண்ணின் பிழைப்பில் மண் போடுவது என்று. சிவஞானம் சார் அப்படிக் கேட்க மாட்டார். "அந்தம்மா வந்தப்போ நீங்க என்ன வேலையா இருந்தீங்க?" என்று கேட்பார். எங்கள் தாளின் கடைசியில் அதற்கென்று ஒரு வரி விடச் சொல்லியிருந்தார். போய் நின்றபோது அவர்கள் என்ன செய்துகொண்டிருந்தார்கள் என்று அதில் எழுத வேண்டும். உளுந்து களைந்துகொண்டிருந்தார், ஃபேனைத் துடைத்துக்கொண்டிருந்தார், ஃபோனில் தங்கையுடன் பேசிக்கொண்டிருந்தார். இரண்டும் ஒத்துவந்தால் தாள் நிஜம். வீட்டில் உட்கார்ந்து எழுதுகிறவளுக்கு உளுந்து தெரியாது. இந்த யோசனையை அவர் எந்தப் புத்தகத்திலும் படிக்கவில்லை. எங்களை நம்பாமல் இருப்பதில் அவ்வளவு அக்கறை அவருக்கு.

இனி அந்த இருபது தாள்.

தாளுக்குப் பதில் கையில் டேப் கணினி வருவதற்கு முந்தைய ஒரு சட்டமன்றத் தேர்தல் சமயம். பெரிய கட்சி ஒன்று எங்கள் கம்பெனியிடம் இந்தப் பக்கத்துத் தொகுதி ஒன்றைக் கொடுத்திருந்தது. சீட்டுக் கேட்டவர்கள் இரண்டு பேர். ஒருவர் தாமோதரன், திருப்போரூர் பக்கம் மனை போட்டு விற்கிறவர். பணமும் வண்டியும் ஆளும் உண்டு. இன்னொருவர் பரிமளா, உள்ளே ஒரு விவசாய ஊரிலிருந்து வந்தவர். ஒன்றியக் கவுன்சிலராக இருந்தபோது ஊர் ஊராக நடந்தவர். எனக்கு மனசுக்குள் பரிமளாதான். தாளில் அதற்கு இடம் கிடையாது.

கையில் ஒரு அட்டை கொடுத்திருந்தார்கள். இரண்டு பேரின் படம், கீழே பெயர். கேள்வி ஒன்றே ஒன்று: 'வருகிற தேர்தலில் இந்தத் தொகுதியில் இந்தக் கட்சி யாரை நிறுத்த வேண்டும்?' பதில் சொல்கிறவர் படத்தின் மேல் விரலை வைத்துக் காட்டினால் போதும்.

மாமல்லபுரத்துக்கு வடக்கே கடலோரத்தில் ஒரு குப்பம் எனக்கு வந்தது. பெயரை எழுத மாட்டேன். பதில் சொன்னவர்களைக் காட்டிக்கொடுக்கக் கூடாது என்பது இன்றைக்கும் எனக்கு விதிதான். அப்போது நான் சூப்பர்வைசர், அனுப்ப வேண்டிய பெண்ணுக்குக் காய்ச்சல் என்பதால் நானே போனேன். இரண்டு நாள், இருபது வீடு. காலையில் படகு கரையேறி ஏலம் முடியும்வரை அங்கே யாரும் முகம் கொடுக்க மாட்டார்கள் என்பதால், பதினோரு மணிக்கு மேல் ஆரம்பித்தேன்.

முதல் வீட்டிலேயே ஏதோ சரியில்லை. நான் கேள்வியை முடிப்பதற்குள் அந்த ஆள் விரலைத் தாமோதரன் படத்தில் வைத்துவிட்டார். இரண்டாவது வீடும் அப்படியே. மூன்றாவது வீட்டுக்காரி எல்லம்மா, மீன்கூடை தூக்குகிறவள், நாற்பது வயது இருக்கும். நான் போனபோது குழாயடியில் நாத்தனாருடன் பெரிய சண்டை. அவள் குடத்தை இவள் தள்ளிவைக்க, இவள் குடத்தை அவள் உருட்டிவிட, வாயில் வந்ததெல்லாம் வந்துகொண்டிருந்தது. என்னைப் பார்த்ததும் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். அட்டையை வாங்கி ஏற இறங்கப் பார்த்தாள்.

"இதுல தாமோதரன் யாருக்கா?"

காட்டினேன்.

"ஓ, இதான் மூஞ்சியா?" அட்டையை வெயிலில் சாய்த்துப் பிடித்து நிதானமாகப் பார்த்தாள். "இவனத்தான் நிறுத்தணும். நல்லா எழுதிக்கோ."

முகமே தெரியாத ஆளை நிறுத்தச் சொல்கிறாளே என்று எனக்கு உறுத்தியது. ஆனால் உறுத்தலை எழுத தாளில் கட்டம் இல்லை. நான் தலையாட்டாமல் அடுத்த வீட்டுக்குப் போனேன். இரண்டாம் நாள் சாயங்காலம் பஸ்ஸில் உட்கார்ந்து எண்ணிப் பார்த்தேன். இருபதுக்கு இருபதும் தாமோதரன். ஆண், பெண், கிழவர், கல்லூரிப் பையன், எல்லாம் தாமோதரன். நிஜத்தில் இப்படி வராது என்று எனக்கே தெரியும். புருஷன் பெண்டாட்டி இரண்டு பேர்கூட ஒரே சோப்பைச் சொல்ல மாட்டார்கள்.

தாள்கள் சென்னைக்குப் போன மறுநாளே தலைமை அலுவலகத்திலிருந்து இயக்குநர் பேசினார். பெரிய படிப்புப் படித்தவர். களத்தில் நான் அவரைப் பார்த்ததில்லை.

"கஸ்தூரிம்மா, மத்த ஊர்ல எல்லாம் ரெண்டு பேரும் சரிக்குச் சரியா வராங்க. உங்க ஊர்ல மட்டும் இருபதுக்கு இருபதா? வீட்ல உக்காந்து போட்டீங்களா, இல்ல அந்தத் தாமோதரன் ஆளுங்க யாராவது உங்களப் பாத்தாங்களா?"

"சார், வார்த்தைய அளந்து பேசுங்க. நான் ரெண்டு நாள் வெயில்ல நின்னு எழுதினது."

"அப்படித்தான் எல்லாரும் சொல்வாங்க. இருபதையும் தூக்கிடறேன். உங்க பேரையும் லிஸ்ட்ல சேத்துடறேன். தப்பா எடுத்துக்காதீங்க."

லிஸ்ட் என்றால், இனி எந்த வேலைக்கும் கூப்பிடக் கூடாதவர்களின் பட்டியல். அதில் ஏறினால் மற்றக் கம்பெனிக்கும் சேதி போய்விடும். இருபது வருடத்துக்கு மேல் நடந்த கால் இது. திருடி என்ற பெயரோடு வீட்டில் போய் உட்காரச் சொல்கிறான். சிவஞானம் சாருக்கு ஃபோன் போட்டேன். அழுதேன் என்றும் சொல்லிவிடுகிறேன், மறைக்க என்ன இருக்கிறது? அவர் ரொம்ப மெதுவாக, "நாளைக்கு நான் போய்ப் பாக்கறேன். நீங்களும் வாங்க. ஊருக்குள்ள வரக்கூடாது" என்றார். நீங்கள் செய்திருக்க மாட்டீர்கள் என்று ஒரு வார்த்தை சொல்வார் என்று எதிர்பார்த்தேன். சொல்லவில்லை.

மறுநாள் கிழக்குக் கடற்கரைச் சாலையில் பஸ் நிறுத்தத்தில் என்னை உட்கார வைத்துவிட்டு, இருபது தாளையும் துணிப்பையில் போட்டுக்கொண்டு அவர் இறங்கிப் போனார். சோதிக்கப்படுகிறவள் கூட இருக்கக் கூடாது, அது அவர் சட்டம். மூன்று மணி நேரம். மாமல்லபுரம் போகிற காரெல்லாம் சர்சர்ரென்று போகிறது. ஒவ்வொரு பஸ்காரனும் என்னைப் பார்த்து வேகம் குறைப்பதும், நான் ஏறாததைப் பார்த்துத் திட்டிவிட்டுப் போவதுமாக இருந்தது. அந்த மூன்று மணி நேரத்தில் அவரை நான் திட்டாத திட்டு இல்லை. கூடவே வேலை செய்த மனுஷன், என்னையும் வீட்டில் உட்கார்ந்து எழுதுகிறவளையும் ஒரே தராசில் நிறுத்துகிறாரே என்று ஆத்திரம். இப்போது யோசித்தால், அவர் அப்படி நிறுத்தியதால்தான் அந்தத் தாள் பிழைத்தது.

திரும்பி வந்தவர் தாள்களை விரித்தார்.

"பத்தொன்பது ஒத்துவருது. ஒண்ணு ஒத்துவரல."

எந்தத் தாள் என்று எட்டிப் பார்த்தேன்.

"எல்லம்மா. நீங்க 'தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தார்'னு எழுதியிருக்கீங்க. அவங்க நாத்தனாரோட சண்ட போட்டுட்டிருந்தேன்னு சொல்றாங்க."

"குழாயடியிலதான் சார் சண்டை! அதப் போய் எப்படி சார் எழுதறது? பாவம், நாலு பேர் படிக்கற தாள்ல?"

அவர் என்னை ஒரு பார்வை பார்த்தார். "நடந்தத எழுதணும். நாகரிகம் பாக்கற எடம் இது இல்ல" என்றார். இன்னும் மெதுவான குரலில். பிறகு பையை மாட்டிக்கொண்டு, "வாங்க, இப்ப உள்ள போகலாம். நீங்க திருடலன்னு தெரிஞ்சுபோச்சு. அவங்க ஏன் இப்படிச் சொன்னாங்கன்னு தெரியணும்" என்றார்.

ஊர்த் தலைவர் கன்னியப்பன் வலைக் கொட்டகையில் இருந்தார். ஐம்பது வயது, கறுத்த பெரிய உடம்பு. எங்களுக்கு நாற்காலி போடச் சொன்னார். சார் நின்றபடியே கேட்டார்.

"இருபது பேரும் ஒரே பேரச் சொல்லியிருக்கீங்க. பேசி வச்சீங்களா?"

"ஆமா சார்." ஒளிக்கவே இல்லை. "பக்கத்து ஊர்ல ஒரு அம்மா அட்டைய வச்சிகினு கேட்டுகினு வருதுன்னு தெரிஞ்சிது. சீட்டு யாருக்குன்னு கேக்குது, நம்மளையும் கேக்கும்னு ஊர் கூடிப் பேசிட்டோம். வெளியாளு வந்து கேட்டா ஊரு ஒரே வார்த்ததான் சொல்லும். அது எங்க பழக்கம்."

"தாமோதரன் மேல அவ்வளவு பிரியமா?"

கொட்டகையில் இருந்தவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். எல்லம்மா வாசலிலிருந்து உள்ளே வந்துவிட்டாள்.

"பிரியமா? ரோட்டுக்கும் ஊருக்கும் நடுவுல கீற நெலத்த வாங்கி வேலி போட்டுட்டான் சார் அவன். நாங்க கூடையத் தூக்கிகினு பஸ்ஸுக்குப் போற வழி அதான். இப்ப ஊரச் சுத்தி மணல்ல போறோம். போய்ச் சேர்றதுக்குள்ள மீனு நாறிப் போவுது."

கன்னியப்பன் கையமர்த்தினார். "கேட்டுல வாட்ச்மேன் கீறான் சார். 'ஓனரக் கேளு'ன்றான். ஓனரு எங்கன்னா தெரியாதுன்றான். திருப்போரூர்ல ஆபீசுக்குப் போனா, 'சார் வெளியூர்'. மனு குடுத்தோம், 'பாக்கலாம்'. ரெண்டு வருஷமா அந்தாள் மூஞ்சியக்கூட இந்த ஊரு பாத்ததில்ல. இந்தம்மா அட்டையிலதான் பாத்தோம். சீட்டு குடுத்தா வந்துதானே ஆவணும்? ஓட்டு கேக்கறவன் எங்க தெருவுக்கு வராம எங்க போவான்? கையக் கூப்பிகினு எங்க எதிர்ல வந்து நிக்கட்டும். வழியப் பத்தி அப்ப பேசிக்கறோம்."

சார் தாள்களைப் பைக்குள் வைத்தார். பிறகு, "அப்ப ஓட்டும் அவருக்குத்தானா?" என்றார்.

"அத எதுக்கு சார் இப்ப? இந்தம்மா கேட்டது யார நிறுத்தணும்னு. சொன்னோம்."

எனக்கு வந்ததே கோபம்! "உங்களால என் வேலைக்கே உலை வச்சிட்டாங்க. ஒரு வார்த்த என்கிட்ட சொல்லக்கூடாதா?" என்று எல்லம்மாவைப் பிடித்துக்கொண்டேன்.

அவளுக்கு முகம் சுண்டிவிட்டது. "ஐயோ, அப்படியாக்கா? தெரியாதே." பிறகு கொஞ்சம் யோசித்து, "தெரிஞ்சிருந்தாலும் சொல்லியிருக்க மாட்டேன்க்கா. ஊரு பேசினது பேசினதுதான். ஆனா பொய் ஒண்ணும் சொல்லல. நீ கேட்டிருந்தா ஓட்டு யாருக்குன்னும் சொல்லியிருப்போம். நீ கேக்கலயே" என்றாள்.

அந்தப் பயிற்சி வகுப்புத் தம்பிக்கு நான் சொல்ல வந்தது இதைத்தான். அந்த இருபது பேரில் ஒருவர் பொய் சொன்னார் என்று காட்டு பார்ப்போம். யாரை நிறுத்த வேண்டும் என்று கேட்டோம், இவனை நிறுத்து என்றார்கள். நெஞ்சில் கை வைத்துச் சொன்ன பதில். சென்னையில் குளிரூட்டிய அறையில் கேள்வியை எழுதியவருக்கு, ஒருத்தனை நிறுத்தச் சொல்வதும் அவனுக்கு ஓட்டுப் போடுவதும் ஒன்றுதான் என்று தோன்றியிருக்கிறது. தப்பு நடந்தது அங்கே. கடற்கரையில் இல்லை.

திரும்புகிற பஸ்ஸில் சிவஞானம் சார் மடியில் பையை வைத்து அதன் மேல் ஒரு தாளில் எழுதினார். 'இருபது தாளும் உண்மை. ஆனால் இவ்வூரார் இவரை நிறுத்தச் சொல்வது வாக்களிப்பதற்காக அல்ல. வாக்களிப்பீர்களா என்று நாம் கேட்கவில்லை. இதைக் கணக்கில் சேர்க்கும்போது இக்குறிப்பையும் சேர்க்க வேண்டும்.' எனக்குப் படித்துக் காட்டிவிட்டு மடித்து வைத்தார்.

குறிப்பு சென்னைக்குப் போனது. என் பெயர் பட்டியலில் ஏறவில்லை. இருபது தாளும் கணக்கில் ஏறியது. குறிப்பு மட்டும் ஏறவில்லை. கட்சிக்காரர்கள் கேட்டது எண்ணைத்தான், கதையை இல்லை என்று இயக்குநர் சொன்னாராம். மற்ற ஊர்களில் சரிக்குச் சரியாக நின்றதால், எங்கள் இருபதுதான் தாமோதரனைத் தூக்கிவிட்டது. சீட்டு அவருக்குக் கிடைத்தது. பரிமளா இரண்டு நாள் யாரையும் பார்க்கவில்லை என்று கேள்விப்பட்டேன். எனக்கும் சோறு இறங்கவில்லை.

தேர்தல் முடிந்து பத்து நாள் கழித்து, திருப்போரூர் பஸ்ஸில் எல்லம்மாவைப் பார்த்தேன். கூடையைப் படிக்கட்டு ஓரம் வைத்துவிட்டு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"அக்கா, வந்தான்க்கா!"

பிரச்சாரத்துக்கு வண்டிகளோடு வந்தாராம் தாமோதரன். மொத்த ஊரும் வேலிக்கு ஊர்ப் பக்கமாக நின்றுகொண்டது. சுற்றிக்கொண்டு வரத்தான் அவர் வண்டி திரும்பியதாம். "அந்தாண்ட மணலு, வண்டி மாட்டிக்கும். நேரா வாங்க, உங்க கேட்டுதானே, தெறங்க" என்று கன்னியப்பன் கூவியிருக்கிறார். பின்னால் கேமராக்காரர்கள். வாட்ச்மேனிடம் சாவி வாங்கி அவரே திறந்து, கையைக் கூப்பிக்கொண்டு நடந்து வந்தாராம். அன்றைக்குச் சாயங்காலமே கேட்டைக் கழற்றி லாரியில் ஏற்றிக் கொண்டுபோய்விட்டார்கள்.

"இப்ப பத்து நிமிசத்துல ரோட்டுக்கு வந்துடறேன். மீனு துள்ளிகினு கீது பாரு" என்றாள்.

"சரி, ஓட்டு?"

"இன்னாக்கா நீ! கேக்கற வேலை பாக்கறவ, பஸ்ல வச்சா ஓட்டக் கேப்ப?" என்று என் தொடையில் ஒரு அடி வைத்துச் சிரித்தாள். அவளிடம் பதில் வாங்க முடியவில்லை. தாமோதரன் தோற்றுப்போனது மட்டும் எல்லோருக்கும் தெரியும்.

கட்சி சும்மா விடுமா? உங்கள் கணிப்பை நம்பித்தானே நிறுத்தினோம் என்று கம்பெனியைப் பிடித்துக்கொண்டார்கள். இயக்குநர் என்னையும் சிவஞானம் சாரையும் சென்னைக்கு வரச் சொன்னார். இந்தத் தடவை குரல் இனித்தது. காப்பி வந்தது. கூடவே தட்டச்சு செய்த ஒரு கடிதமும் வந்தது. கடலோர ஊரில் களப்பணியாளர் கேள்வியைச் சரியாகக் கேட்கத் தவறியதால் பிழை நேர்ந்தது, இதற்கு நானே பொறுப்பு என்று அதில் இருந்தது. கீழே என் பெயர், கையெழுத்துக்கு இடம்.

"ஒரு ஃபார்மாலிட்டிதாம்மா. கட்சிக்குக் காட்டணும். உங்க வேலைக்கு ஒண்ணும் ஆகாது, நான் பாத்துக்கறேன். அடுத்த பிராஜெக்ட்லயும் நீங்கதான் சூப்பர்வைசர்."

"நான் கேள்விய அச்சுல இருந்தபடிதான் சார் கேட்டேன்."

"அது எனக்குத் தெரியாதா?"

"உங்களுக்குத் தெரியும்னா ஏன் சார் நான் கேக்கத் தவறின மாதிரி எழுதியிருக்கீங்க?"

"போட மாட்டீங்கன்னா நான் ஒண்ணும் பண்ண முடியாது. வேற யாராவது வேல பாப்பாங்க." அவர் பேனாவை என் பக்கம் தள்ளினார்.

வீட்டில் கல்யாண வயதில் பெண் இருந்தாள். என் புருஷனுக்கு அந்த வருடம்தான் வேலை போயிருந்தது. இது எல்லாம் தலைக்குள் ஒரு சுற்று வந்தது, வரவில்லை என்று சொன்னால் அதுதான் பொய். பேனாவை எடுத்தேன். அச்சடித்த வரிகளின் மேல் குறுக்கே ஒரு கோடு போட்டேன். கீழே என் கையெழுத்தில் எழுதினேன்: 'கேட்ட கேள்விக்குச் சரியான பதில் வாங்கிவந்தேன். கேள்வி என்னுடையது அல்ல. கஸ்தூரி.'

இயக்குநர் தாளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பிறகு சிவஞானம் சாரைப் பார்த்தார். சார் ஓய்வு பெற ஐந்தே மாதம் இருந்தது. அவர் என்ன செய்யப்போகிறார் என்று எனக்கும் தெரியாது. இத்தனை வருடத்தில் என்னை ஒரு தடவைகூட அவர் நம்பியதாகக் காட்டிக்கொண்டதில்லை.

அவர் கையை நீட்டி என்னிடமிருந்து பேனாவை வாங்கினார். என் கையெழுத்துக்குக் கீழே, 'நேரில் சரிபார்த்தேன். உண்மை' என்று எழுதித் தம் பெயரைப் போட்டார்.

"இத வச்சிகிட்டு நான் என்ன சார் பண்றது?" என்றார் இயக்குநர்.

"ஃபைல்ல வைங்க" என்றார் சிவஞானம் சார். மூவருக்கும் கேட்கிற மாதிரி, சத்தமாக.